தாத்தா பிறந்த கிழமை: ஜார்ஜ் டவுனில் நாலு நாள்

மதுரைக்குத் திரும்பி மூன்று நாள் ஆகிவிட்டது, கெண்டைக்கால் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. லாட்ஜில் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து எழுதி வைத்ததை அதிகம் மாற்றாமல் போடுகிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எதற்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தாவுக்கு எம்டன் என்று பட்டப்பெயர். 1914-இல் ஜெர்மன்காரன் கப்பல் எம்டன் சென்னை மேல் குண்டு போட்ட ராத்திரி, தம்புச் செட்டித் தெருவில், சத்தத்தில் மருத்துவச்சி கைவிளக்கைக் கீழே போட்ட அந்த நிமிஷத்தில் அவர் பிறந்தார் என்பது வீட்டுக் கதை. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது இந்தக் கதை வந்துவிடும். மருத்துவச்சி விளக்கைப் போடும் இடத்தில் எல்லோரும் சிரிக்க வேண்டும்.

போன மாதம் அத்தை வீட்டுப் பரணை ஒழித்தபோது அவருடைய ஜாதக நோட்டு கிடைத்தது. ஆனந்த வருஷம், புரட்டாசி, தேதி தமிழ் எண்ணில். கிழமை இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. மூலையில் பென்சிலில் 'ஜனனம் திருவள்ளூர்'. எம்டன் வந்தது செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. நோட்டில் இருந்த தமிழ்த் தேதியை இணையத்தில் போட்டால் ஒரு தளம் புதன் என்கிறது, இன்னொன்று வியாழன் என்கிறது. செவ்வாய் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் காலப் பத்திரிகைத் தலைப்பில் இங்கிலீஷ் தேதியும் தமிழ்த் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒரு பார்வை பார்த்தால் தீர்ந்தது என்று நாலு நாள் லீவு போட்டுக் கிளம்பினேன். வீட்டில் சிரித்தார்கள்.

மண்ணடிப் பக்கம் லாட்ஜ், 950 ரூபாய். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்துச் சுவர். காலை ஏழரைக்கே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. என்.எஸ்.சி. போஸ் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடையில் நெய் ஊத்தப்பம் சாப்பிட்டேன், நின்றுகொண்டுதான். பக்கத்தில் நின்ற மூட்டை தூக்கும் பெரியவர் என் தட்டைப் பார்த்துவிட்டு, "பொடி வாங்கிக்க சார், அது இல்லாம இன்னாத்துக்கு" என்று தன் தட்டில் இருந்த பொடியையே தள்ளிவிட்டார். மதுரைக்காரனுக்குச் சென்னையில் முதல் உபசாரம்.

நேராக நூலகம். எந்த நூலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர், அறிமுகக் கடிதம் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். ஆராய்ச்சி மாணவரா என்றார். இல்லை, பேரன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கல்லூரியிலோ ஆபீஸிலோ லெட்டர்ஹெட்டில் வாங்கி வரச் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். முன்னாடியே போன் போட்டுக் கேட்டேன், அப்போது இதைச் சொல்லவில்லை. சரி, யாரோடு சண்டை போடுவது? மதுரையில் பேராசிரியராக இருக்கும் நண்பனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு வெளியே வந்தேன்.

மத்தியானம் பூரா சும்மா நடந்தேன். பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தோடு ஒட்டி ஒரு கல்தூண் நிற்கிறது, பார்த்திருக்கிறீர்களா? நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. 1773 ஜனவரி 1 என்று வெட்டியிருக்கிறது. ஃபிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, திருப்பிக் கொடுத்து, மறுபடி முற்றுகை போட்ட அனுபவத்துக்கு அப்புறம், கோட்டைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் எதிரி ஒளிந்துகொள்வான் என்று கம்பெனிக்காரர்கள் பழைய கறுப்பர் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இதற்கு மேல் கோட்டைப் பக்கம் யாரும் கட்டக்கூடாது என்று ஆறு தூண் நட்டார்கள், மிச்சம் இந்த ஒன்றுதான். இடிக்கப்பட்ட இடத்தில் பிற்பாடு ஹைகோர்ட் வந்தது. ஜனங்கள் தள்ளிப் போய்க் கட்டிக்கொண்டதுதான் இன்றைய ஜார்ஜ் டவுன். இளவரசராக இங்கே வந்து போன ஐந்தாம் ஜார்ஜின் பெயரை வைத்துக் கறுப்பர் நகரம் என்ற பெயரை அழித்தார்கள்.

சாயங்காலம் ஹைகோர்ட்டின் கிழக்குச் சுவரோரம் எம்டன் கல்வெட்டைப் பார்த்தேன். குண்டு பட்ட இடம். அன்றைக்கு ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் வந்து, அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டு போட்டு, துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டான் கேப்டன் மியூல்லர். செத்தவர்கள் சிலர்தான். ஆனால் ஊர் பயந்த பயம் ஒரு வார்த்தையாகவே தமிழில் தங்கிவிட்டது. படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ்காரர் வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். "இதுவா சார் அந்த எம்டன்? நாங்க எங்க ஆபீசர் ஒருத்தரைத்தான் அப்படிச் சொல்வோம்" என்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் பத்து ரூபாய். இன்றைக்கு நூலகத்தில் வேறு ஆள், கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார், படிக்கவே இல்லை.

பேனாவை வெளியே வைக்கச் சொன்னார்கள், உள்ளே பென்சில் மட்டும்தான். போட்டோவும் கூடாது. அட்டெண்டர் அம்மா பைண்டு செய்த வால்யூமை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கைக்குழந்தையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்து மேஜையில் கிடத்தினார். "அப்பளம் மாதிரி இருக்கும் சார். புரட்டாதீங்க, ரெண்டு கையாலயும் தூக்கி அந்தப் பக்கம் வைங்க." நிஜமாகவே அப்பளம்தான். தொட்ட இடமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்து மடியில் விழுந்தது. பதினைந்து நிமிஷத்தில் தும்மல் ஆரம்பித்தது. அந்த அம்மா எதுவும் சொல்லாமல் ஒரு மாஸ்க் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

முதல் பக்கத்தில் செய்தியே கிடையாது, பூரா விளம்பரம். அந்தக் காலப் பத்திரிகை வழக்கம் அது. ஹிந்து பத்திரிகைகூட 1958 ஜனவரி வரைக்கும் முதல் பக்கத்தை விளம்பரத்துக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் சண்டை நடக்கிறது, இங்கே முதல் பக்கத்தில் தாது புஷ்டி லேகியம், கண் மருந்து, மூக்குக்கண்ணாடி, ஏலம், ஹார்மோனியம். உள்ளே போனால்தான் தந்திச் செய்தி.

எனக்கு ரொம்பப் பிடித்தது எழுத்துதான். தேதி போடும் இடத்தில் ௵ ௴ ௳ என்று வரிசையாக மூன்று குறி. வருஷம், மாதம், தேதி. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை, தாத்தாவின் கணக்கு நோட்டில் பார்த்துப் பழகியது. ரூபாய்க்கு ௹. அப்புறம் ௸. அதுதான் 'மேற்படி'. ஒரு ஏல அறிவிப்பில் ஒரே பத்தியில் ஆறு ௸ எண்ணினேன்: ௸ தெருவில் ௸ நம்பர் வீட்டில் ௸ தேதியில் ௸ சாமான்கள் என்று போகிறது. படித்து முடிக்கும்போது எந்தத் தெரு, எந்த வீடு என்று மறந்தே போகிறது.

ஜார்ஜ் டவுன் விலாசம் எங்கே வந்தாலும் நோட்டில் குறித்துக்கொண்டேன். காகிதம் விற்கிறவர், கண்ணாடி விற்கிறவர், அச்சுக்கூடம், ஜவுளிக்கடை, ஊரில் இருந்து வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு தங்கும் இடம். வந்த வேலையை விட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் இதிலேயே போயிற்று.

பிறகு செப்டம்பர் 22-ஐத் தாண்டி 23-க்கு வந்தேன். பக்கம் இல்லை. முழு இதழும் இல்லாமல் இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். முதல் பக்க விளம்பரமெல்லாம் இருக்கிறது, எம்டன் செய்தி இருந்திருக்க வேண்டிய உள்பக்கத்தை மட்டும் யாரோ பிளேடு வைத்து நறுக்கென்று எடுத்திருக்கிறார்கள். தையல் ஓரத்தில் அரை அங்குலம் மிச்சம். அதில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் வரிசையாக நிற்கிறது: 'செ', 'கு', 'எ', 'ப'. நான் அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. அட்டெண்டர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப வருஷமா அப்படித்தான் சார் இருக்கு" என்றார்.

அந்த வால்யூமே 23-ஓடு முடிந்துவிட்டது. அடுத்தது வேறு கட்டு, அது ஒட்டுப்போடும் பிரிவில் இருக்கிறது, நாளைக்குச் சொல்லி வைத்தால் வெள்ளிக்கிழமை கிடைக்கலாம் என்றார்கள். கிடைக்கலாம். அந்த 'லாம்' வைத்துக்கொண்டுதான் ராத்திரி தூங்கினேன். மின்விசிறி பழைய டிராம் மாதிரி சத்தம் போட்டது. நான் டிராமைப் பார்த்ததில்லை, சென்னையில் 1953-லேயே நிறுத்திவிட்டார்கள். தாத்தா சொன்ன சத்தத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நோட்டோடு நடைப்பயணம். ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய விலாசத்தை எடுத்துக்கொண்டு ஜார்ஜ் டவுனில் கடை தேடுவது பைத்தியக்காரத்தனம் என்று முதல் விலாசத்திலேயே தெரிந்துவிட்டது. சென்னையில் வீட்டுக்கு வீடு பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண். என்னிடம் இருப்பதோ இரண்டுக்கும் முந்தையது. "இன்னா சார் தேடினுகீற? பழைய நம்பரா, புது நம்பரா?" என்று கேட்ட மீன்பாடி வண்டிக்காரரிடம், அதற்கும் பழசு என்றேன். வண்டியை நிறுத்தி என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

ஆனால் ஒன்று. எண் பொருந்தவில்லை, தெரு பொருந்தியது. காகிதம் என்று குறித்திருந்த ஆண்டர்சன் தெருவில் இன்றைக்கும் காகிதம்தான், கல்யாணப் பத்திரிகைக் கடைகள் வரிசையாக. கண்ணாடி என்று குறித்திருந்த தேவராஜ முதலித் தெருவில் நுழைந்தால் எதிரே நானே நூறு பேராக நடந்து வந்தேன், அத்தனை நிலைக்கண்ணாடி. ஜவுளி கோடவுன் தெருவில். ஆள் மாறி, பாஷை மாறி, கட்டடம் நாலு தடவை மாறி, சரக்கு மட்டும் இடம் மாறவில்லை. மாறினது என்றால் கொத்தவால் சாவடிதான், காய்கறியை 1996-இல் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடையில்தான் தாத்தா குமாஸ்தாவாக இருந்தார், 1942 ஏப்ரல் வரைக்கும். ஜப்பான்காரன் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும் சென்னை காலியானது, அவரும் கைக்குழந்தையாக இருந்த அத்தையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ரயில் ஏறினவர் திரும்பவில்லை. அந்தக் கடை எது என்று கேட்க ஒரு கடைக்குள் போனேன். மார்வாடி முதலாளி, என்னைவிட நல்ல சென்னைத் தமிழ். அவருக்குத் தெரியவில்லை. அதற்காக மோர் வாங்கிக் கொடுத்தார்.

அரண்மனைக்காரத் தெருவில் அரண்மனை ஏதும் கிடையாது. ஆர்மீனியன் தெரு என்ற பெயர் நம் வாயில் விழுந்து அப்படி ஆனது. உள்ளே 1772-இல் கட்டிய ஆர்மீனிய தேவாலயம். கேட்டைத் தாண்டியதும் ஹாரன் சத்தம் யாரோ குழாயை மூடினது போல நின்றது. உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794-இல் அச்சானது இந்தக் கறுப்பர் நகரத்து மதராஸில்தான், அஸ்தரார் என்று பெயர், நடத்தியவர் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். ஊரின் முதல் பத்திரிகை மெட்ராஸ் கூரியர் வந்து (1785) பத்து வருஷம்கூட ஆகவில்லை. சொந்த ஊரை விட்டு எங்கேயோ வந்து உட்கார்ந்தவர்கள் முதல் வேலையாக ஒரு பத்திரிகை போட்டிருக்கிறார்கள். வராண்டாவில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன், காவலாளி ஒன்றும் சொல்லவில்லை.

தங்கசாலைத் தெருவுக்குப் போனது ஹிந்துவுக்காக. 1878 செப்டம்பர் 20, அந்தத் தெருவில் ஸ்ரீநிதி அச்சுக்கூடத்தில் 80 பிரதி அடித்து ஆரம்பித்தார்கள், வாரப் பத்திரிகையாக. ஆரம்பித்த ஆறு பேரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் 1882-இல் சுதேசமித்திரனையும் தொடங்கினார். அந்த அச்சுக்கூடம் எங்கே இருந்திருக்கும் என்று கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை, ஒருவர் மட்டும் ரொம்பத் தன்னம்பிக்கையோடு வலது பக்கம் கை காட்டினார், போனால் பாத்திரக்கடை. அதற்குப் பதில் முறுக்கு சாண்ட்விச் கிடைத்தது. ரொட்டிக்குப் பதில் இரண்டு தட்டு முறுக்கு, நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. முதல் கடியிலேயே பாதி சட்டையில். 50 ரூபாய், இரண்டாவது வாங்கினேன்.

நாலரைக்கு மழை. ஐந்து நிமிஷத்தில் தெரு வாய்க்கால் ஆகி, வலது செருப்பின் வார் அறுந்து, நான் ஒற்றைச் செருப்போடு ஒரு பிளாஸ்டிக் கடைத் தாழ்வாரத்தில் இருபது பேரோடு நின்றேன். பை நனைந்தது, நோட்டும் நனைந்தது. பதறிப் பிரித்துப் பார்த்தால் எழுத்து ஒன்றுகூடக் கலையவில்லை. பென்சில்! முந்தின நாள் பேனாவைப் பிடுங்கிவைத்தபோது மனசுக்குள் திட்டினேன், அதை இங்கே வாபஸ் வாங்குகிறேன்.

புதுச் செருப்பு 180 ரூபாய். ராத்திரி பர்மா பஜாருக்குப் பின்னால் அத்தோ. பர்மாவில் இருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. ஆரஞ்சு நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டு அந்த அம்மா கையாலேயே பிசைந்து கொடுத்தார், கூட வாழைத்தண்டு சூப். 80 ரூபாய். சூப் தீர்ந்ததும் கேட்காமலே ஊற்றினார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரலட்சுமி நோன்பு. லாட்ஜை விட்டு இறங்கினதும் பூக்கடைப் பக்கம் நகரவே முடியவில்லை, தாழம்பூவும் தாமரையுமாகத் தலைக்கு மேல் போகிறது. ஒரு முழம் மல்லி 80 ரூபாய் என்றவளிடம் ஒரு அம்மாள், "ஏன்டி, தங்கத்துல கட்டியிருக்கியா?" என்று கேட்டு, பேரம் பேசி, கடைசியில் 80 கொடுத்தே வாங்கிப் போனார்.

நூலகத்தில் கட்டு வந்திருந்தது. அட்டெண்டர் அம்மாவே போய்க் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். தலையில் பூ, அவசரமாகப் பூஜை முடித்து வந்திருக்கிறார் போல.

இரண்டு கையாலும் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, அப்படியே ஒவ்வொன்றாக. செப்டம்பர் 24. ஆனந்த ௵ புரட்டாசி ௴, அதற்குப் பக்கத்தில் ஜாதகத்தில் இருந்த அதே எண், ௳. வியாழக்கிழமை. போனில் ஜாதகத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்து மூன்று தடவை பார்த்தேன். செவ்வாய் ராத்திரி குண்டு, தாத்தா வியாழக்கிழமை. மருத்துவச்சி விளக்கைக் கீழே போடவே இல்லை. போட்டிருந்தால் அதற்குக் காரணம் வேறு.

அடுத்தடுத்த நாள் இதழ்களில் உள்பக்கங்கள் பத்திரமாக இருந்தன. எண்ணெய்த் தொட்டி எரிவதைப் பற்றி, ஜனங்கள் பயப்பட வேண்டாம் என்று, வதந்தியை நம்பாதீர்கள் என்று. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ஸ்டேஷன்களில் கூட்டம் தாங்கவில்லை, கிடைத்த ரயிலில் ஏறி எந்த ஊருக்காவது போகிறார்கள் என்கிற மாதிரி எட்டு வரி. நான் அந்த எட்டு வரியைப் பென்சிலால் அப்படியே எடுத்து எழுதினேன். சென்ட்ரலில் ஏறினால் மேற்கே போகிற லைனில் திருவள்ளூர். அங்கே வீரராகவர் கோயில், சுற்றிச் சத்திரங்கள். நிறைமாதத்துக் கொள்ளுப்பாட்டியை அந்தக் கூட்டத்தில் எப்படி ஏற்றினார்கள், யார் எழுந்து இடம் கொடுத்தார்கள், பிரசவம் பார்த்தது யார்? அதையெல்லாம் எந்தப் பத்திரிகையும் போடவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் சொல்லவில்லை. ஓடிப்போனதைச் சொல்ல வெட்கப்பட்டு, யாரோ ஒருவர் கதையை இரண்டு நாள் முன்னால் இழுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இது நிரூபணம் இல்லை, எனக்குத் தெரியும்.

அட்டெண்டர் அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "பாவம், அந்தப் புள்ளத்தாச்சி" என்றார். பிளவுஸில் சொருகியிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு கொழுக்கட்டை எடுத்து, இங்கே சாப்பிடக்கூடாது, வெளியே போய்ச் சாப்பிடுங்கள் என்று கொடுத்தார்.

வாசல் படியில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்து அத்தைக்குப் போன் போட்டேன். 84 வயது, காது கொஞ்சம் மந்தம், மூன்று தடவை கத்திச் சொன்னேன். வியாழக்கிழமை அத்தை, திருவள்ளூர், சத்திரம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"டேய், குண்டு போட்டப்போ அவர் வயித்துக்குள்ள இருந்தாரா இல்லையா?"

"இருந்தார்."

"அப்போ சத்தம் கேட்டிருக்கும்ல. நீ பேசாம வா. சௌகார்பேட்டையில மிளகு அப்பளம் நல்லாருக்குமாம், அரைக்கிலோ வாங்கிட்டு வா."

தங்கசாலைக்கு மறுபடி போய் வாங்கினேன், 170 ரூபாய். ரயிலில் மேல் பெர்த்தில் தலைமாட்டில் நோட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வந்தேன். மதுரையில் பிரித்தபோது பாதி நொறுங்கியிருந்தது.